லண்டன் தின்றதும் கழித்ததும்

உடலுக்கு மட்டுமல்ல, ஊருக்கும் வளர்சிதை மாற்றம் உண்டு; அதாவது உள்ளே வாங்கிப் பயன்படுத்தி, கழிவை வெளியேற்றும் சுழற்சி. தின்பது எங்கிருந்து வருகிறது, கழிப்பது எங்கே போகிறது என்று பார்த்தால் அதன் ஆரோக்கியம் தெரிந்துவிடும்.

19ஆம் நூற்றாண்டு லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். வயல்களில் விளைந்த கோதுமையோடு மண்ணின் சத்துகளான நைட்ரஜனும் பாஸ்பரசும் நகரத்துக்குள் வந்தன. பெரும்பகுதி திரும்பிப் போகவில்லை, சாக்கடை வழியே தேம்ஸில் கலந்தது. 1858 கோடையில் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத் திரைச்சீலைகளை பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள்!

சரி, சத்து இழந்த வயலுக்கு என்ன செய்தார்கள்? பெரு நாட்டின் சின்ச்சா தீவுகளிலிருந்து கடற்பறவை எச்சத்தைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். அதை வெட்டியெடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்கள். பட்ட பாடு சொல்லி மாளாது. சொந்த எருவை ஆற்றில் விட்டுவிட்டு பறவை எச்சத்துக்குக் கடல் தாண்டுவது என்ன கணக்கோ!

ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் இதை அப்போதே கண்டித்தார். அவரைப் படித்த மார்க்ஸ், மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான வளர்சிதை மாற்றம் குலைகிறது என்று 1867இல் ‘மூலதனம்’ நூலில் எழுதினார்.

அப்புறம் பேசல்கெட் என்ற பொறியாளர் பாதாளச் சாக்கடை கட்டினார். நாற்றம் தீர்ந்தது. சத்து மட்டும் இன்னும் கீழே, கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.