கயாக் இறக்க எந்தக் கரை?

சித்திரை கழிந்தால் திருகோணமலைக் கடல் சின்ன வள்ளங்களுக்கு வழிவிடும். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்றுக் காலம், அப்போது வெளிக்கடலில் கயாக், அதாவது துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு, வேண்டவே வேண்டாம்.

புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்களை நான் உப்புவெளிக்குத்தான் அனுப்புவேன். மணற்கரை, ஓட்டோவில் கிட்டவரை கொண்டுபோகலாம். டச்பே கடற்கரை கண்ணுக்கு அழகு, ஆனால் அடியிழுப்பு உள்ள இடம். உள்துறைமுகம் அலையில்லாத நீர்தான், கடற்படைப் பகுதி என்பதால் அனுமதி கேட்காமல் இறங்கக் கூடாது.

கரைவலை போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கரையில் ஒரு கயிறு கடலுக்குள் போனால், வலை வளைத்து இன்னொரு கயிறு தள்ளி எங்கேயோ கரையேறும். அந்த இரண்டுக்கும் நடுவே இறக்கினால் ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பைக் குழப்புகிறோம். வாடியில், அதாவது கரையோர மீனவர் குடிலில், இருக்கும் அண்ணன்மாரிடம் ஒரு வார்த்தை கேட்டால், கடலடிப் பாறைப் பார் எங்கே, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று அவர்களே சொல்லித் தருவார்கள். எந்த வரைபடத்தையும்விட நான் அதை நம்புகிறேன்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது கச்சான் எனும் தென்மேற்குக் காற்று. அது தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் கண்ணாடிபோல் கிடக்கும். கொஞ்சம் வெளியே போனதும் ஆளைத் தள்ளிக்கொண்டே போகும். நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தானே என்று கச்சான் நாளில் கிளம்பாதீர்கள். அது 2003 முதல் தேசியப் பூங்கா, நுழைவுச்சீட்டும் வேண்டும். உயிர்காப்பு அங்கியைப் படகில் வைக்காமல் உடம்பில் போடுங்கள்.