பழைய சுவருக்குச் சீமெந்து வேண்டாம்

கொழும்பு, புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில், மொத்தக் கடைகளுக்கும் சுமை தூக்கும் நாட்டாமிமாரின் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில், உயரமான தூண்களோடு நிற்கிறது ஒல்லாந்தர் கால நூதனசாலை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கட்டடம். ஆளுநர் தோமஸ் வான் ரீ (1692–1697) குடியிருந்த வீடு. பிறகு இராணுவ வைத்தியசாலை, பொலிஸ் பயிற்சி நிலையம், தபாலகம் என்று கை மாறி, 1982இல் நூதனசாலையானது.

உள்ளே நாணயங்களும் தளபாடங்களும் இருக்கின்றன, பாருங்கள். ஆனால் இந்தக் காலத்துக் கட்டடம் எதற்குப் போனாலும் சுவரின் அடியை முதலில் பார்க்க வேண்டும். முழங்கால் உயரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது உப்புப் பூத்தது. கபொக் கல்லும் (செம்புரைக்கல்) பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். வெளிப்பூச்சும் சுண்ணாம்பாக இருந்தால் அந்த ஈரம் தானாகவே உலர்ந்துபோகும். மேலே சீமெந்து பூசினால் வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, உப்பு பூச்சுக்குப் பின்னால் கட்டியாகி, கல்லையே மாவாக்குகிறது. தட்டிப் பார்த்தால் பொள்ளென்று கேட்கும். பிளாஸ்டிக் பெயின்டும் இதே கேட்டைத்தான் செய்யும்.

திருத்தும்போது சீமெந்தைச் சிற்றுளியால் கொத்தி எடுங்கள். இயந்திரம் போட்டால் கபொக்கும் சேர்ந்து பெயரும். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது, கரைந்து திரும்பவும் சுவருக்குள்தான் போகும்.

சாந்துக்கு நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, அரித்த ஆற்று மணல் 3 பங்கு. கடல் மணல் சேர்த்தால் உப்பை நீங்களே கொண்டுவந்து வைத்த மாதிரி. அந்தக் காலத்தில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். இப்போது கரையோரப் பவளம் தோண்டுவது சட்டப்படி குற்றம். கிடைப்பது பெரும்பாலும் மாத்தளைப் பக்கத்து டொலமைட் (மக்னீசியம் கலந்த கல்) சுண்ணாம்பு. அது மெதுவாகத்தான் நீறும். ஒரு மாதமாவது தண்ணீருக்குள் மூழ்க வைத்து, மெல்லிய சல்லடையில் அரித்து எடுங்கள். அவசரப்பட்டால் நீறாத துணுக்குகள் பூச்சுக்குள் இருந்து, மாதங்கள் கழித்து ஊதி, அம்மைத் தழும்பு போலக் குழி குழியாகத் தெறிக்கும்.

சுவரை நனைத்துவிட்டு ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் பூசாதீர்கள். நகம் அழுத்தினால் தடம் மட்டும் விழும் பதம் வந்ததும் அடுத்த பூச்சு. ஒரு கிழமைக்கு ஈரச் சாக்குத் தொங்க விடுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் மயிரிழை வெடிப்பு விழுந்து கையோடு உதிரும். கடைசியில் பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பால் மூன்று நான்கு முறை மெல்லிதாக வெள்ளையடித்தால் போதும்.

இத்தனைக்கும் முன்னால் கூரைப் பீலியைத் துப்புரவாக்குங்கள். அடைபட்ட பீலியிலிருந்து ஒழுகும் மழைத்தண்ணீர் சுவரடியிலேயே விழும். பூச்சு வேலையை ஜனவரி, பெப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள்; மே மாத மழைக்குள் சாந்து இறுகிவிடும்.