உடம்பில் கோடு போட்டுப் படித்த நரம்பு மண்டலம்

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு பி.எஸ்சி நர்சிங் சேர்ந்தவள் நான். அனாடமியில் எலும்பு, தசை, இதயம் எல்லாம் எப்படியோ பிடிபட்டுவிட்டன. நரம்பு மண்டலம் மட்டும் ஒரு மாதம் ஆகியும் மண்டையில் ஏறவில்லை. முதல் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் போனதும் அதில்தான். இப்போது ஜூனியர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களும் நான் தடுக்கிய அதே இடங்களில்தான் தடுக்குகிறார்கள்.

முதலில் தடுக்குவது 'நரம்பு' என்ற சொல். கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை வீட்டில் நரம்பு என்போம். குளுக்கோஸ் ஏற்றினால் நரம்பில் ஏற்றியதாகச் சொல்வோம். குதிகாலுக்கு மேலே கெட்டியாக இழுத்துக்கொண்டிருப்பதும் நமக்கு நரம்புதான். ஆனால் முதல் இரண்டும் ரத்தம் ஓடும் சிரை, மூன்றாவது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். நிஜமான நரம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டுமா? முழங்கையை மடக்கி, உட்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விரலை வைத்து மெல்ல உருட்டுங்கள். கயிறு போல ஒன்று நழுவும். கொஞ்சம் அழுத்தினால் சுண்டு விரல் வரை சுரீர் என்று ஓடும். அதுதான் அல்நார் நரம்பு. அது ரத்தம் ஓடும் குழாய் இல்லை, ஆயிரக்கணக்கான ஆக்ஸான்கள், அதாவது நரம்பு செல்களின் நீண்ட இழைகள், சேர்ந்த கட்டு. இதைத் தொட்டுப் பார்த்த அன்றுதான் பாடம் எனக்கு ஆரம்பித்தது.

அடுத்தது நரம்பு மண்டலத்தைப் பிரித்துக் காட்டும் பாடப்புத்தகக் கிளைப்படம். மைய நரம்பு மண்டலம் என்றால் மூளையும் தண்டுவடமும். புற நரம்பு மண்டலம் என்றால் 12 ஜோடி கபால நரம்புகள், 31 ஜோடி தண்டுவட நரம்புகள். இதை மனப்பாடம் செய்வது சுலபம், ஆனால் இது மட்டும் தெரிந்து பயனில்லை. எந்தப் பெயரைப் படித்தாலும் 'செல் உடல் (நரம்பு செல்லின் உட்கரு உள்ள பகுதி) எங்கே இருக்கிறது?' என்று கேளுங்கள். செல் உடல்கள் மையத்துக்குள் கூட்டமாக இருந்தால் நியூக்ளியஸ், வெளியே இருந்தால் கேங்க்லியான். ஆக்ஸான் கட்டு மையத்துக்குள் போனால் டிராக்ட், வெளியே போனால் நரம்பு. இந்த நான்கும் தெளிவானால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. பேசல் கேங்க்லியா மட்டும் பழைய பெயரால் குழப்பும். அது இருப்பது பெருமூளைக்குள்.

தண்டுவடத்தின் குறுக்குவெட்டுப் படத்தைத் தினமும் ஒரு முறை வரையுங்கள். உள்ளே வண்ணத்துப்பூச்சி வடிவில் சாம்பல் நிறப் பொருள், சுற்றிலும் வெண்மைப் பொருள். நரம்பு தண்டுவடத்தோடு சேரும் இரு கிளைகளில், பின் வேர் வழியாக உணர்ச்சி உள்ளே வருகிறது, முன் வேர் வழியாக இயக்கக் கட்டளை வெளியே போகிறது. உடற்கூறியலாளர் சார்லஸ் பெல் 1811இலும் உடலியலாளர் மஜாந்தி 1822இலும் எழுதியவற்றிலிருந்து வந்ததால் இதற்கு பெல்-மஜாந்தி விதி என்று பெயர். படம் வரைந்ததும் பாதத்தில் ஒரு முள் குத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். பாதத்திலிருந்து செய்தி கிளம்பி, பின் வேர் கேங்க்லியானில் செல் உடல் கொண்ட நியூரான் (நரம்பு செல்) வழியே, வண்ணத்துப்பூச்சியின் பின் இறக்கையான பின் கொம்பைச் சேர்கிறது. அங்கே இடை நியூரான்கள் அதை முன் கொம்புக்குக் கடத்துகின்றன. முன் வேர் வழியே கட்டளை போய்க் காலை இழுத்துவிடுகிறது. வலி மூளைக்குத் தெரியும் முன்பே கால் விலகிவிடுகிறது. அனிச்சைச் செயல் பற்றி என்ன கேள்வி வந்தாலும் இந்த ஒரு படம் கை கொடுக்கும்.

31 ஜோடியின் கணக்கு: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திரிகத்தில் 5, வால் பகுதியில் 1. கழுத்து எலும்பு 7 தானே, நரம்பு எப்படி 8 என்று வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். நான் வாயடைத்து நின்றேன். முதல் கழுத்து நரம்பு மண்டையோட்டுக்கும் முதல் எலும்புக்கும் இடையிலேயே வெளியேறிவிடுகிறது. இப்படி 7 நரம்புகள் அந்தந்த எலும்புக்கு மேலாக வருகின்றன. எட்டாவது, 7ஆம் எலும்புக்குக் கீழே வருகிறது. மார்பிலிருந்து எல்லாமே தன் எண்ணுள்ள எலும்புக்குக் கீழேதான்.

ஒரு தண்டுவட நரம்பு உணரும் தோல் பகுதிதான் டெர்மடோம். அதைப் படிக்க நான் பேனாவால் உடம்பிலேயே எழுதிக்கொண்டேன். கழுத்து நரம்புக்கு சி, மார்புக்கு டி, இடுப்புக்கு எல், திரிகத்துக்கு எஸ். கட்டை விரலில் சி 6, நடு விரலில் சி 7, சுண்டு விரலில் சி 8, தொப்புளில் டி 10, கால் பெருவிரலில் எல் 5. குளித்ததும் அழிந்தது, மறுபடி எழுதினேன். நான்காம் நாள் பேனா தேவைப்படவில்லை.

இதயம், குடல் போன்றவற்றைத் தானாகக் கட்டுப்படுத்தும் தானியங்கு நரம்புகளுக்கு, கிளம்பும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். உடம்பை அவசரத்துக்குத் தயாராக்கும் பரிவு நரம்புகள் டி 1 முதல் எல் 2 வரை. ஓய்வுக்குத் திருப்பும் எதிர்ப்பரிவு நரம்புகள் 3, 7, 9, 10ஆம் கபால நரம்புகளிலும் எஸ் 2 முதல் எஸ் 4 வரையிலும்.

தண்டுவடம் எங்கே முடிகிறது என்பதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். கருவின் மூன்றாம் மாதத்தில் தண்டுவடமும் முதுகெலும்பும் ஒரே நீளம். பிறகு எலும்பு வேகமாக வளர, வடம் பின்தங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு அது இடுப்புப் பகுதி முதுகெலும்புகளில் முதல் இரண்டுக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரை வால் போல வேர்கள் மட்டும் திரவத்தில் தொங்கும். கீழ் வேர்கள் தங்கள் துளையை அடைய அவ்வளவு தூரம் இறங்க வேண்டியிருப்பதுதான் காரணம்.

மூன்றாம் ஆண்டில் வார்டில் ஒரு பையனுக்கு, முதுகில் ஊசி குத்தித் திரவம் எடுக்கும் லம்பார் பங்சர் செய்ய ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், முதுகுத்தண்டுல ஊசி குத்தினா பிள்ளைக்குக் கால் போயிடுமா?" என்று கேட்டார். நான் அவர் முதுகிலேயே இரண்டு பக்க இடுப்பு எலும்பின் உச்சியையும் இணைத்து விரலால் கோடு போட்டுக் காட்டினேன். "இந்தக் கோடு இடுப்புப் பகுதி முதுகெலும்புல நாலாவதுக்கு நேரா வரும்மா. ஊசி போடுறது இதை ஒட்டித்தான். தண்டுவடம் இதுக்கு மேலயே முடிஞ்சிடுச்சு. இங்க இருக்கிறது தண்ணியும், அதுல மிதக்கிற வேருங்களும். ஊசி வந்தா அதுங்க பெரும்பாலும் நழுவி ஒதுங்கிடும்" என்றேன். பையனைக் குறுக்கிப் படுக்க வைக்க அவரே வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.