'மட்டும்' கைகொடுக்கும், 'விட' கவிழ்த்துவிடும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். சிலர் இடையில் புகுமுக வகுப்பிலும் ஓராண்டு இருந்தவர்கள். வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் தேர்வில் ஆங்கிலமுமாக மூன்று மொழிகளை ஒரே நாளில் புழங்கும் இந்தப் பிள்ளைகளின் கட்டுரைகளில் எழுத்துப்பிழையும் காலப்பிழையும் ஆசிரியரின் சிவப்பு மையில் உடனே சிக்கிவிடுகின்றன. சிக்காமல் தப்புபவை இரண்டு: ஒப்பிடும் வாக்கியங்களில் வரும் கோளாறு, வினையடை இடம் மாறி நிற்கும் கோளாறு. சொற்கள் எல்லாம் சரியாக இருக்கும், எழுவாயும் வினையும் பொருந்தியிருக்கும். ஆனாலும் எழுதியவர் நினைத்தது ஒன்று, தாளில் நிற்பது வேறொன்று.

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வின் ஆங்கில எழுத்துத்தாளில் இப்போது மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது 80 சொற்கள் அளவில் ஒரு மின்னஞ்சல், இரண்டாவது 125 முதல் 150 சொற்களில் ஒரு கட்டுரை, மூன்றாவது 200 முதல் 250 சொற்களில் இன்னொன்று. கருத்துச் சொல்லும் எந்தக் கட்டுரையும் ஒப்பிடாமல் நகராது. 'மட்டும்', 'கிட்டத்தட்ட', 'அடிக்கடி' போன்ற பொருள் தரும் வினையடைகளின்றி எந்த மின்னஞ்சலும் முடியாது. ஆகவே இவை இரண்டும் இலக்கண நூலின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடக்கூடிய நுணுக்கங்கள் அல்ல. இரண்டுக்கும் நம் தமிழோடு தொடர்பு உண்டு என்றாலும், அந்தத் தொடர்பு ஒரே மாதிரியானது இல்லை என்பதே நான் சொல்ல விரும்புவது. ஒப்பிடும்போது தமிழைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு எழுத வேண்டும். வினையடையை வைக்கும்போது தமிழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

செம்பனையைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் வட்டாரப் பிள்ளைகளுக்கு விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு ஹெக்டேர் செம்பனை ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 4 டன் எண்ணெய் தருகிறது, அதே பரப்பில் சோயா ஏறக்குறைய அரை டன்தான் தருகிறது என்பதை அவர்கள் அறிவார்கள். அறிந்ததை, 'தி ஆயில் யீல்ட் ஆஃப் பாம் இஸ் ஹையர் தென் சோயா' என்று எழுதுகிறார்கள். ஒரு பக்கம் நிற்பது எண்ணெய் விளைச்சல், மறுபக்கம் நிற்பது சோயா என்னும் செடி. விளைச்சலையும் செடியையும் எப்படி ஒப்பிடுவது? 'ஹையர் தென் தெட் ஆஃப் சோயா' என்று எழுதினால் விளைச்சலுக்கு எதிரே விளைச்சல் வந்து நிற்கும். ஒப்பிடும் பொருள் பன்மையாக இருந்தால் 'தெட் ஆஃப்' என்பது 'தோஸ் ஆஃப்' ஆகும்: 'தி ரோட்ஸ் ஆஃப் ஈப்போ ஆர் வைடர் தென் தோஸ் ஆஃப் சுங்கை சிப்புட்.'

இந்தப் பிழை ஏன் இத்தனை பேருக்கும் வருகிறது? 'செம்பனையின் எண்ணெய் விளைச்சல் சோயாவைவிட அதிகம்' என்று தமிழில் எழுதினால் யாரும் குறை சொல்வதில்லை. 'ஐ' உருபோடு 'விட' சேர்ந்துவிட்டால், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். 'சோயாவினுடையதைவிட' என்று இழுத்துச் சொன்னால்தான் நமக்கே ஒரு மாதிரியாக இருக்கும். ஆங்கிலேயர்களும் பேச்சில் இப்படி விட்டுச் சொல்வது உண்டு. எழுத்தில், அதிலும் தேர்வுத் தாளிலும் வேலைக்கான கடிதத்திலும், அந்தச் சலுகை கிடையாது. 'மை இங்கிலீஷ் இஸ் பெட்டர் தென் தி அதர் ஸ்டூடன்ட்ஸ்' என்பதும் இதே வகைதான். இங்கே கடைசி 'எஸ்' எழுத்துக்குப் பின் ஓர் அப்போஸ்ட்ரஃபியைப் போட்டுவிட்டாலே மற்ற மாணவர்களின் ஆங்கிலம் என்ற பொருள் வந்து வாக்கியம் சரியாகிவிடும். வாயால் சொல்லும்போது கேட்காத ஒரு குறி, தாளில் வாக்கியத்தைக் காப்பாற்றுகிறது.

அடுத்தது 'அதர்' என்னும் சொல்லை விட்டுவிடுவது. எங்களுக்குப் பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன; அவற்றுள் ஒன்று என்று சொல்லப்படும் மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அதைப் பற்றி எழுதும் மாணவர், 'திஸ் ட்ரீ இஸ் ஓல்டர் தென் எனி ரப்பர் ட்ரீ இன் கோலகங்சார்' என்று எழுதுவார். அந்த மரமும் கோலகங்சாரில் உள்ள ரப்பர் மரம்தானே? அப்படியானால் அது தன்னைவிடவும் வயதில் மூத்தது என்று பொருள்படுகிறது. 'எனி அதர் ரப்பர் ட்ரீ' என்று எழுதினால் மரம் தன் கூட்டத்திலிருந்து விலகி நின்று மற்றவற்றோடு ஒப்பிடப்படும்.

இதைச் சொல்லிக்கொடுத்த மறுவாரமே பிள்ளைகள் எல்லா இடத்திலும் 'அதர்' போடத் தொடங்குவார்கள். அதுவும் பிழை. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலை, போர்னியோத் தீவிலுள்ள சபா மாநிலத்தில் இருக்கிறது. தீபகற்பத்தின் மிக உயரமான தாகான் மலை 2,187 மீட்டர். 'கினபாலு இஸ் ஹையர் தென் எனி மவுண்டன் இன் தி பெனின்சுலா' என்ற வாக்கியத்தில் 'அதர்' வரக்கூடாது. வந்தால் கினபாலுவைத் தீபகற்பத்துக்குக் கொண்டுவந்து வைத்ததாகிவிடும். அதே வாக்கியத்தின் முடிவில் மலேசியா என்று இருந்தால் 'அதர்' கட்டாயம் வேண்டும். ஒப்பிடப்படும் பொருள் அந்தக் கூட்டத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். உயர்வின் உச்சத்தைச் சொல்லும் வடிவத்தில் இது தலைகீழாகும்: 'தி ஓல்டஸ்ட் ஆஃப் ஆல் தி ட்ரீஸ்' என்பது சரி, 'ஆஃப் ஆல் தி அதர் ட்ரீஸ்' என்பது தவறு.

'மோர் பெட்டர்', 'மோர் ஹையர்' என்பவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழில் 'நல்ல' என்ற சொல் எதோடு ஒப்பிட்டாலும் உருமாறுவதில்லை. மலாயிலும் 'லெபே' என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் போதும். இரு மொழிப் பழக்கத்தோடு வரும் பிள்ளை 'பெட்டர்' என்பதற்குள்ளேயே ஒப்பீடு அடங்கியிருப்பதை மறந்து 'மோர்' போட்டுவிடுகிறது. 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' ஆகியவை லத்தீனிலிருந்து ஒப்பீட்டு வடிவத்தோடேயே வந்தவை. அவற்றுக்குப் பின் 'தென்' வராது, 'டு' வரும். இவற்றை மனப்பாடம் செய்துகொள்வதே வழி.

பொருள் இரண்டாகப் பிளக்கும் ஒப்பீடுகள் இவற்றைவிடக் கவனத்துக்கு உரியவை. 'ஐ ஹெல்ப் மை அங்கிள் மோர் தென் மை பிரதர்' என்றால், அண்ணன் மாமாவுக்குச் செய்வதைவிட நான் அதிகம் உதவுகிறேனா, அண்ணனுக்கு நான் செய்வதைவிட மாமாவுக்கு அதிகம் உதவுகிறேனா? முதல் பொருள் வேண்டுமென்றால் கடைசியில் 'டஸ்' என்ற ஒரே சொல் போதும். இரண்டாவது பொருளுக்கு 'மோர் தென் ஐ ஹெல்ப் மை பிரதர்' என்று வினையைத் திரும்பவும் எழுத வேண்டும். திரும்ப எழுதினால் வாக்கியம் நீள்கிறதே என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். நீளட்டும், படிப்பவர் ஊகிக்க வேண்டிய குறுகிய வாக்கியத்தைவிட அது மேல்.

இனி வினையடை. என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் செம்பனை ஆலையில் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்க எழுதிய கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நல்ல கையெழுத்து, தெளிவான பத்திகள். நடுவில் ஒரு வாக்கியம்: 'ஐ நியர்லி வொர்க்ட் இன் எ நர்சரி ஃபார் டூ இயர்ஸ்.'

"தம்பி, நீ அங்கே வேலை செய்தாயா, இல்லையா?" என்று கேட்டேன்.

"செஞ்சேன் சார். கிட்டத்தட்ட ரெண்டு வருஷம்."

அவர் வாயிலிருந்து வந்த தமிழில் எல்லாம் சரியாக இருந்தது. 'கிட்டத்தட்ட' என்பது 'ரெண்டு வருஷம்' என்பதை ஒட்டி அதன் முன்னால் நின்றது. ஆங்கிலத்தில் 'நியர்லி' வினையின் முன்னால் போய் நின்றதால், வேலையில் சேரும் நிலைக்குப் போய்ச் சேராமலே விட்டவர் என்ற பொருள் வந்துவிட்டது. அனுபவத்தைக் காட்ட எழுதிய வாக்கியமே அனுபவம் இல்லை என்று சொன்னால், விண்ணப்பத்தைப் புரட்டும் அதிகாரி நேரில் கூப்பிட்டா விளக்கம் கேட்கப் போகிறார்? 'ஐ வொர்க்ட் இன் எ நர்சரி ஃபார் நியர்லி டூ இயர்ஸ்' என்று, தமிழில் நின்ற இடத்திலேயே நிற்கவைத்தோம். 'ஆல்மோஸ்ட்' என்பதற்கும் இதே கணக்குத்தான்: 'ஹி ஆல்மோஸ்ட் லாஸ்ட் ஆல் தி மணி' என்றால் பணம் பத்திரமாக இருக்கிறது, 'ஹி லாஸ்ட் ஆல்மோஸ்ட் ஆல் தி மணி' என்றால் பெரும்பகுதி போய்விட்டது.

'ஒன்லி' என்ற சொல்லுக்குத் தமிழைவிட நல்ல வழிகாட்டி இல்லை. மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ரப்பர்ப் பால்மரம் வெட்டுபவர்களுக்குக் கையுறை கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மண்டோர் மட்டும் கொடுத்தார், பால்மரம் வெட்டுபவர்களுக்கு மட்டும் கொடுத்தார், கையுறை மட்டும் கொடுத்தார் என்று 'மட்டும்' எந்தச் சொல்லைக் கட்டுப்படுத்துகிறதோ அதன் முதுகை ஒட்டியே நிற்கிறது. தமிழ்ப் பிள்ளை யாரும் இதில் தடுமாறுவதில்லை. ஆங்கிலத்தில் அதே சொல்லின் முன்னால் வைத்தால் போதும்: 'ஒன்லி தி மண்டோர் கேவ்', 'கேவ் ஒன்லி தி டேப்பர்ஸ்', 'கேவ் தி டேப்பர்ஸ் ஒன்லி குளவ்ஸ்'. வாக்கியத்தை முதலில் தமிழில் மனத்துக்குள் சொல்லி, 'மட்டும்' எதை ஒட்டுகிறது என்று பார்த்து, அந்தச் சொல்லின் முன்னால் 'ஒன்லி' வைக்கச் சொல்கிறேன்.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயர்கள் பேசும்போது 'ஒன்லி'யைப் பெரும்பாலும் வினைக்கு முன்னால்தான் வைக்கிறார்கள். எந்தச் சொல்லைக் குறிக்கிறது என்பதைக் குரலின் அழுத்தம் காட்டிவிடுகிறது. 'ஹி ஒன்லி டைட் எ வீக் அகோ' (ஒரு வாரத்துக்கு முன்புதான் அவர் இறந்தார்) என்று எழுதப்பட்டதைக் கண்டித்தவர்களோடு, ஆங்கில நடைக்கு நடுவராக மதிக்கப்பட்ட ஃபௌலர் 1926இலேயே உடன்பட மறுத்தார். குழப்பம் வராத இடத்தில் இயல்பான இடத்தையே விட்டுவைக்கலாம் என்பது அவர் கட்சி. அவர் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் நம் பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் குழப்பம் வரும், எந்த இடத்தில் வராது என்று காதால் அறியும் பழக்கம் இன்னும் வரவில்லை. தோட்ட அலுவலகத்தின் அறிவிப்பிலோ விண்ணப்பத்திலோ குரலின் அழுத்தமும் கிடையாது. ஆகவே எழுத்தில், கட்டுப்படுத்தும் சொல்லை ஒட்டியே வை என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

'ஆல்சோ' என்பதும் இவ்வகையே. 'அவனும் தமிழ் படித்தான்', 'அவன் தமிழும் படித்தான்' என்று நம் 'உம்' இரண்டு பொருளைத் துல்லியமாகப் பிரித்துவிடுகிறது. 'ஹி ஆல்சோ லேர்ன்ட் தமிழ்' என்ற எழுத்து வாக்கியம் இரண்டையும் குறிக்கும். 'ஹி டூ லேர்ன்ட் தமிழ்' என்றால் அவனும். 'ஹி லேர்ன்ட் தமிழ் ஆஸ் வெல் ஆஸ் மலாய்' என்றால் தமிழும்.

வினையடைகளின் வரிசையிலும் தமிழ் உதவுகிறது. 'நேற்று நாற்றுப் பண்ணையில் கடுமையாக உழைத்தான்' என்பதில் காலம், இடம், விதம், வினை என்று வருகிறது. ஆங்கிலத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல வினை, விதம், இடம், காலம் என்று திரும்பி நிற்கும்: 'ஹி வொர்க்ட் ஹார்ட் இன் தி நர்சரி யெஸ்டர்டே.' தமிழ் வாக்கியத்தைப் பின்னாலிருந்து படித்தாலே ஆங்கில வரிசை கிடைத்துவிடுகிறது. இந்த வழி உடையும் இடம் ஒன்று உண்டு. 'ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசுகிறார்' என்பதை அப்படியே திருப்பினால் 'ஹி ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி இங்கிலீஷ்' என்று வருகிறது; அது பிழை. ஆங்கிலத்தில் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே வினையடை புகக்கூடாது. 'ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் ஃப்ளூயன்ட்லி' என்றே எழுத வேண்டும். செயப்படுபொருள் மிக நீளமாக இருந்தால் மட்டும் வினையடை நடுவில் வரலாம்: 'ஷி எக்ஸ்ப்ளெய்ன்ட் க்ளியர்லி தி ரூல்ஸ் தெட் தி ஆஃபீஸ் ஹேட் ட்ரான் அப் லாஸ்ட் இயர்.' இங்கே 'க்ளியர்லி'யைக் கடைசிக்குத் தள்ளினால், விதிகளைத் தெளிவாக வரைந்தார்களா, அவற்றைத் தெளிவாக விளக்கினாரா என்ற சந்தேகம் வரும்.

'ஆல்வேஸ்', 'ஆஃபன்', 'நெவர்' ஆகியவற்றின் விதி எளியது: முதன்மை வினைக்கு முன்னால், 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' போன்றவற்றுக்குப் பின்னால், துணைவினை இருந்தால் முதல் துணைவினையை அடுத்து.

விதி தெரிந்தவர்களையும் ஏமாற்றுவது, இரண்டு வினைகளுக்கு நடுவில் நின்று இரு பக்கமும் பார்க்கும் வினையடை. 'வொர்க்கர்ஸ் ஹூ மிஸ் தி மஸ்டர் ஆஃபன் லூஸ் எ டேஸ் பே' என்று எழுதினால், அடிக்கடி நிகழ்வது பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) வராததா, சம்பளம் போவதா? தமிழில் இந்த ஐயம் எழுவதே இல்லை. நம் மொழியில் வினையடை முன்னால் வரும், வினை பின்னால் வந்து அந்தத் தொடரை மூடிவிடும். 'பெரட்டுக்கு அடிக்கடி வராதவர்கள்' என்றால் அங்கேயே கதவு அடைபட்டுவிட்டது. 'பெரட்டுக்கு வராதவர்கள் அடிக்கடி' என்றால் அடுத்த வினைக்காகக் காத்திருக்கிறோம் என்பது தெளிவு. முதல் பொருளைச் சொல்ல விரும்பினால் 'வொர்க்கர்ஸ் ஹூ ஆஃபன் மிஸ் தி மஸ்டர் லூஸ் எ டேஸ் பே' என்று எழுதலாம். இரண்டாவது பொருள் வேண்டுமென்றால் 'ஆஃபன்' என்பதை வாக்கியத்தின் தலையில் வைத்து, அதன் பின் ஒரு காற்புள்ளி இட வேண்டும்.