சோயா அலர்ஜி டெஸ்டுக்குப் போகிறவர்கள் சளி மருந்தைப் பற்றி முதலில் கேளுங்கள்

அலர்ஜிக்குத் தோல் பரிசோதனை செய்யப் போகிறீர்களா? அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே, எந்த மருந்தை எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மகளுக்கு ஆறு வயது. மீல் மேக்கர் குருமா சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்தது. அப்புறம் சோயா சாஸ் ஊற்றிய ஃப்ரைட் ரைஸிலும் அதே கதை. குழந்தைகள் டாக்டர் மதுரைக்கு எழுதிக்கொடுத்தார். திருநெல்வேலியிலிருந்து விடிகாலை பஸ் பிடித்துப் போய், பாதி நாள் காத்திருந்து, கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்தினார்கள். அதில் ஒன்று ஹிஸ்டமின். அலர்ஜி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடம் தடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதுகூடத் தடிக்கவில்லை.

"அரிப்புக்கு ஏதாவது சிரப் கொடுக்கறீங்களா?" என்றார் டாக்டர். ஆமாம், செட்டிரிசின். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற அலர்ஜி மருந்து. ஊரில் எழுதித் தந்தது. அது உடம்பில் இருக்கும்வரை டெஸ்ட் செல்லாதாம். ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். கவுன்ட்டரில் போய்க் கேட்டால், "அதெல்லாம் நீங்கதான் கேட்டிருக்கணும் மேடம்" என்று பதில். கட்டிய பணமும் போச்சு. (நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டுத்தான். வீசிங் மருந்தை இதோடு சேர்த்து நிறுத்துவது ஆபத்து.)

அந்த இடைவெளியில் சொந்தக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு, வீட்டுக்காரர் உள்ளூர் லேபில் 'ஃபுட் அலர்ஜி பேனல்', அதாவது பல உணவுகளுக்குச் சேர்த்துப் பார்க்கிற ரத்த டெஸ்ட், எடுத்துவிட்டு வந்தார். ரிப்போர்ட்டில் சோயா, நிலக்கடலை, கொண்டைக்கடலை, துவரம்பருப்பு எல்லாம் பாசிட்டிவ். "சாம்பாரும் கிடையாதா? பிள்ளை எதைத்தான் திங்கும்?" என்று அத்தை அழாத குறை. அன்றைக்கு மதியம்தான் அவள் சாம்பார் சாதத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தாள்!

மதுரை டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார். இதெல்லாம் ஒரே பயறுக் குடும்பம், புரதங்கள் ஒன்றுபோல இருப்பதால் ரத்தத்தில் பாசிட்டிவ் காட்டும், அதை வைத்து மட்டும் அலர்ஜி என்று சொல்ல முடியாது என்றார். தொந்தரவில்லாமல் சாப்பிட்டு வருகிற பருப்பையும் கடலைமிட்டாயையும் நிறுத்தவே வேண்டாம் என்று எழுதியே கொடுத்தார். இரண்டாம் முறை குத்தியதில் ஹிஸ்டமினும் சோயாவும் மட்டும் தடித்தன. பேனலுக்குக் கொடுத்த காசை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. ஐஜிஜி (IgG) டெஸ்ட் என்று இன்னொரு ரத்த டெஸ்டும் விற்கிறார்கள். அலர்ஜியைக் கண்டுபிடிக்க அது உதவாது.

இப்போது கடையில் எதை எடுத்தாலும் லேபிள்தான். 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகளின்படி பாக்கெட்டில் சோயா இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். சத்துமாவு, பிரெட், பிஸ்கட், புரோட்டீன் பவுடர் எல்லாவற்றிலும் மாட்டுகிறது. 322 என்ற எண் லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது. அதிலும் ரீஃபைன்ட் சோயா எண்ணெயிலும் புரதம் மிகக் குறைவு என்பதால் என் மகளுக்கு டாக்டர் தடை போடவில்லை. உங்கள் டாக்டர் வேறு சொல்லலாம். பேக்கரி பஃப்ஸுக்கும் கல்யாணப் பந்திக் குருமாவுக்கும் லேபிள் கிடையாது. அங்கே சமையல் மாஸ்டரையே நேரில் கேட்பேன்.

கடைசிச் சண்டை பள்ளிக்கூடத்தில். அலர்ஜி கடுமையானால் அவசரத்துக்குப் போடுகிற மருந்து அட்ரினலின். அதைத் தானாகக் குத்தும் பேனா எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கவில்லை. டாக்டர் ஆம்பியூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் எழுதி, தொடையின் வெளிப்பக்கம் எப்படிப் போடுவது என்று நர்ஸை வைத்துச் சொல்லித் தந்தார். "ஊசியெல்லாம் இங்க வைக்க முடியாது" என்றது ஆபீஸ். டாக்டர் கையெழுத்திட்ட அவசரத் திட்டத்தை நீட்டி, ஊசி போடக் கற்றுக்கொள்ளச் சம்மதித்த பி.டி. மிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு பிரின்சிபாலிடம் போன பிறகுதான் வாங்கி வைத்தார்கள். அலமாரியைப் பூட்டக் கூடாது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிவிட்டேன்.