கோழி, வாத்து, கினிக்கோழி: புறவாசல் கணக்கு இதுவரை

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் வீட்டுப் புறவாசலில் நாட்டுக்கோழிகள் எப்போதும் உண்டு. போன கார் அறுப்பு முடிந்து வயலில் வாத்து மேய்க்க வந்தவர்களிடம் சில வாத்துகளை வாங்கினேன். பின்னாலேயே கினிக்கோழிகளும் வந்து சேர்ந்தன. மூன்றும் அடித்துக்கொண்டு சாகும் என்று தெருவே சொன்னது. சண்டை இருக்கிறதுதான். ஆனால் என்னைப் பாடாய்ப் படுத்துவது தண்ணீர்.

வாத்து தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குருணையை ஒரு வாய் அள்ளும். உடனே சட்டிக்கு ஓடி அலகை மூக்குத்துளை வரை முக்கி அலசும். ஒழுக ஒழுகத் திரும்பி வந்து அடுத்த வாய். சற்று நேரத்தில் தீவனத் தட்டு கஞ்சியாகிவிடும், சட்டித் தண்ணீர் சேறாகிவிடும். அதற்காகத் தண்ணீரைக் குறைக்கவும் வழியில்லை. மூக்குத்துளையைக் கழுவுகிற ஆழம் வேண்டும். உலர்ந்த தீவனத்தைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையை அடைத்துக்கொள்ளும். கோழிக்கோ ஈரம்தான் எமன். நனைந்த உமியில் இரத்தக்கழிச்சல் கிருமி வீரியம் பெறும். குஞ்சுகள்தான் முதலில் சுருண்டு விழும்.

எனவே வாத்துத் தொட்டியை வாழை மூட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். அழுக்குத் தண்ணீரைக் கவிழ்த்தால் அப்படியே வாழைக்குப் பாயும். கோழிக்கும் கினிக்கும் தண்ணீர் இடுப்பளவு உயரத் திண்டின் மேல். அவை ஒரே தாவலில் ஏறிவிடும். வாத்து கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஐப்பசி அடைமழையிலும் கோழிக்கூட்டு உமி காய்ந்தே கிடந்தது. இரவில் வாத்துகளுக்குத் தனித் தடுப்பு. பரண் கம்புகளுக்கு அடியில் விட்டால் மேலிருந்து எச்சம் விழுந்துகொண்டே இருக்கும்.

கினிக்கோழிகள் வேறு ரகம். வந்த புதிதில் சில வாரம் கூட்டிலேயே அடைத்து வைத்துத்தான் வெளியே விட்டேன். அப்படியும் இரண்டு, பொழுது சாய்ந்தால் வேம்பின் உச்சிக்குப் போய்விடுகின்றன. மரநாய் நடமாடுகிற ஊரில் இது நல்லதல்ல. மாலையில் கூட்டுக்குள் கம்பு தூவினால் மட்டும் இறங்கி வருகின்றன. பிடிக்க நேர்ந்தால் காலைப் பிடித்து இழுக்கக் கூடாது, எளிதில் பிசகிவிடும். உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். சேவலுக்கு இவற்றைக் கண்டாலே ஆகாது. ஆண் கினி பின்னாலிருந்து ஓடிவந்து வால் இறகைக் கொத்தி இழுத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் மேயும். தீவனத் தட்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்தபின் ரகளை குறைந்திருக்கிறது.

சாரைப்பாம்பு வேலிக்குள் தலையை நீட்டினால் மொத்தக் கூட்டமும் கூடிநின்று கத்தும். பால்காரர் வந்தாலும் அதே கத்தல்தான். "காவலுக்கு வைத்தாயா, காதைக் கிழிக்க வைத்தாயா?" என்று ஆச்சி கேட்கிறார். பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறேன்.

ஆண் வாத்துகளில் ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். வாலில் சுருண்ட இறகு இருப்பது ஆண். பெட்டை வாத்து போதாவிட்டால் அது கோழியின் மேல் ஏறும். அதன் உறுப்பு கோழிக்கு உள்காயமே உண்டாக்கிவிடும். மிஞ்சியதை மதினி வீட்டுக்குக் கொடுத்தாயிற்று.

பங்குனியில் கினி முட்டையிடத் தொடங்கியது. வேலியோரப் புல்லுக்குள் ஒளித்து வைத்திருந்ததைத் தேடி எடுத்து, ஓர் அடைக்கோழிக்கு ஓலைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். கோழி முட்டை 21 நாளில் பொரித்துவிடும், கினிக்கு 26 முதல் 28 ஆகும். ஆகவே கலந்து வைக்கவில்லை. வாத்து முட்டைக்கும் 28 நாள்தான், நாள் கணக்கு ஒத்துப்போகும். இருந்தும் சேர்க்கவில்லை. வாத்துக்குஞ்சு பிறந்த அன்றே தண்ணீரைக் கலக்கத் தொடங்கும். கினிக்குஞ்சு நனைந்தால் குளிரிலேயே போய்விடும். பொரித்ததும் ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் நிரப்பித் தண்ணீர் வைக்கப்போகிறேன், குஞ்சு அலகை மட்டும் நனைத்துக்கொள்ளும்படி.