கடலில்லாத ஊரில் கப்பலோட்டிகளின் மாதா

பிரான்சின் தென்மேற்கே, லோத் மாவட்டத்தில், அல்சூ என்ற சிற்றாறு குடைந்த பள்ளத்தாக்கின் மேல் செங்குத்துப் பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது ரோக்கமதூர். கீழே ஒரே ஒரு கடைத்தெரு, அதற்கு மேல் ஆலயங்கள், உச்சியில் கோட்டை. ஊரில் குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். வருகிறவர்களோ பெருங்கூட்டம். அதில் பாதிப்பேர் கடைத்தெருவில் வால்நட்டும் வாத்து ஈரல் டப்பாவும் வாங்கிவிட்டு லிஃப்டில் ஏறிவிடுகிறார்கள். முட்டிவலிக்காரர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கால் நன்றாக இருப்பவர்கள் படியேறித்தான் மாதாவைப் பார்க்க வேண்டும்.

மொத்தம் 216 படிகள். அந்தக் காலத்தில் இவற்றை முழங்காலாலேயே ஏறினார்கள். நேர்ச்சைக்காக வந்தவர்கள் மட்டுமல்ல, தண்டனையாக அனுப்பப்பட்டவர்களும் உண்டு. குற்றவாளியை ரோக்கமதூருக்குப் போய்வரச் சொல்லித் தீர்ப்பளித்த நகரங்கள் இருந்தன. கழுத்திலும் கையிலும் சங்கிலியோடு ஏறுவார்கள், மேலே பாவமன்னிப்புப் பெற்றதும் சங்கிலி கழற்றப்படும். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியும் பிரான்ஸ் மன்னர் புனித லூயியும் இங்கே வந்திருக்கிறார்கள். நான் ஏறியபோது முன்னால் போன பாட்டி ஒருவர் படிக்குப் படி நின்று செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அவரை முந்திப் போக மனம் வரவில்லை.

மேலே ஒரு சிறு முற்றம். அதைச் சுற்றி ஒரு பசிலிக்காவும், நிலவறை ஆலயமும், சிற்றாலயங்களும். நாம் தேடிப்போவது மாதாவின் சிற்றாலயம். அதன் ஒரு பக்கச் சுவரே மலைப்பாறைதான். மெழுகுதிரிப் புகையில் கூரையெல்லாம் கரி. பீடத்தின் மேல் கறுப்பு மாதா. பெரிய சிலையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். வால்நட் மரத்தில் செதுக்கிய 12-ஆம் நூற்றாண்டுச் சிலை, உயரம் சுமார் 70 செ.மீ.தான். மெலிந்த உடல், நேரான முதுகு. இடது முழங்காலில் குழந்தை இயேசு உட்கார்ந்திருக்கிறார், ஆனால் தாய் அவரைப் பிடித்துக்கொள்ளவில்லை. அந்தக் கைகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் அண்ணாந்தால் கப்பல்கள்! கூரையிலிருந்து சிறிய பாய்மரக் கப்பல் பொம்மைகள் தொங்குகின்றன. புயலில் தப்பிய மாலுமிகளின் காணிக்கை இவை. எந்தக் கடலுக்குப் போவதென்றாலும் இங்கிருந்து மணிக்கணக்கில் கார் ஓட்ட வேண்டும். ஆனாலும் பிரான்சின் வடமேற்குக் கடலோரப் பகுதியான பிரித்தானியின் மாலுமிகள் நடுக்கடலில் இந்த மாதாவைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே தொங்கும் பழைய இரும்பு மணி, அவர்கள் காப்பாற்றப்பட்ட நேரங்களில் யாரும் தொடாமலே ஒலித்தது என்பது நம்பிக்கை. செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள்தான் இங்கேயும் பெரிய விழா. வேளாங்கண்ணிக்குப் போய்ப் பழகியவர்களுக்கு மாலுமிகள் கதையும் தேதியும் அந்நியமாகத் தெரியாது.

ஊருக்குப் பேர் கொடுத்த அமதூர் யார்? 1166-ல் சிற்றாலய வாசலில் ஒருவரை அடக்கம் செய்யக் குழி தோண்டியபோது அழியாத உடல் ஒன்று கிடைத்தது. அதைப் புனித அமதூர் என்றார்கள். பின்னாளில், இயேசுவைப் பார்க்க மரமேறிய சக்கேயுவே அவர் என்ற கதையும் சேர்ந்துகொண்டது. வரலாற்று ஆசிரியர்கள் இதை ஏற்பதில்லை. உடலும் இப்போது இல்லை. 1562-ல் கத்தோலிக்கர்–புராட்டஸ்டன்ட் மதப்போரின்போது தாக்கியவர்கள் அதை எரித்துவிட்டார்கள். சிலையும் மணியும் தப்பின. எனக்கு அமதூரைவிட 1172-ல் எழுதப்பட்ட புதுமைகளின் (அற்புதங்களின்) ஏடு முக்கியமாகப் படுகிறது. அதில் 126 புதுமைகள் இருக்கின்றன. யாரோ உட்கார்ந்து, வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

1936-ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்க், நண்பர் ஒருவரை விபத்தில் பறிகொடுத்த துக்கத்தோடு இங்கே வந்தார். சில நாட்களிலேயே இந்த மாதாவுக்கு ஒரு மன்றாட்டு இசை எழுதினார். அதன்பிறகு ஆன்மிக இசை அவரை விடவேயில்லை.

சிற்றாலய வாசலுக்கு மேலே பாறையில், பழைய பிரெஞ்சுக் காவிய வீரன் ரோலானின் துரந்தால் என்ற வாள் இது என்று ஒன்றைக் காட்டிவந்தார்கள். 2024 ஜூனில் அது காணாமல் போய்விட்டது. எட்டாத உயரம், எப்படி எடுத்தார்களோ!

கோட்டைக்கு ஏறும் வழியில் மரநிழலில் சிலுவைப்பாதை இருக்கிறது, அவசரப்படாமல் போகலாம். ஊரின் பெயரிலேயே விற்கும் சின்ன ஆட்டுப்பால் சீஸையும் சாப்பிட்டுப் பாருங்கள். நேரமிருந்தால் சுமார் 15 கி.மீ. தள்ளி பதிராக் பாதாளக் குழி. 1889-ல் மார்த்தெல் என்பவர் இறங்கி ஆராய்ந்தது. 103 மீட்டர் ஆழத்தில் ஓடும் ஆற்றில் படகில் கூட்டிப் போகிறார்கள். கோடையில் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். உள்ளே எப்போதும் 13 டிகிரிதான், ஸ்வெட்டர் இல்லாமல் இறங்க வேண்டாம்.